மஸ்டாங்குக்கு ஏர் இன்டேக் மாட்டிய பிறகு இன்ஜின் விளக்கு எரிகிறதே, ஏன்?

கேள்வி: 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. (5.0 லிட்டர் வி8) செகண்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறேன். ஆன்லைனில் வரவழைத்த ஏர் இன்டேக் கிட்டை, தஞ்சாவூரில் தெரிந்த ஒரு பட்டறையில் மாட்டினோம். கூம்பு வடிவ காட்டன் ஃபில்டர், பெரிய பிளாஸ்டிக் குழாய், ஒரு தடுப்புத் தகடு, அவ்வளவுதான் கிட். சத்தம் அருமையாக இருக்கிறது. ஆனால் மூன்றாம் நாளே இன்ஜின் விளக்கு எரிந்துவிட்டது. ஸ்கேனரில் பி0171, பி0174 என்று இரண்டு கோடு (பிழைக் குறியீடு). சிக்னலில் நின்றால் ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது. ‘ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார்கள் பட்டறையில். குழாயை நீட்டி ஃபில்டரை பம்பருக்குள் இறக்கினால் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்கிறார் நண்பர். எதைச் செய்யலாம்?
– மன்னார்குடி வாசகர்

பதில்:

இரண்டையும் செய்ய வேண்டாம். ரீமேப்புக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள், பம்பர் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். கழற்றி வைத்த கம்பெனி ஏர் பாக்ஸை (காரோடு வந்த ஃபில்டர் பெட்டியை) திரும்ப மாட்டி, கோடுகளை அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். விளக்கு திரும்ப வராவிட்டால் கோளாறு கிட்டில், அல்லது கிட் மாட்டிய விதத்தில். அப்போதும் வந்தால் காரிலேயே ஏதோ பழைய குறை இருந்திருக்கிறது, கிட் அதை வெளியே கொண்டுவந்திருக்கிறது. அரை மணி நேர வேலை, செலவு இல்லை. இதைச் செய்யாமல் சென்சார் மாற்றுவதும் ரீமேப் போடுவதும் இருட்டில் கை விடுவதுதான்.

வி8 இன்ஜினில் இரண்டு பக்கம். பி0171 ஒரு பக்கம் பெட்ரோல் போதவில்லை என்கிறது, பி0174 மறுபக்கம் அதையே சொல்கிறது. ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால் அந்தப் பக்கத்து இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார், எக்ஸாஸ்ட் கசிவு என்று தேடலாம். இரண்டும் சேர்ந்து வந்தால் காரணம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். நீங்கள் கை வைத்ததும் அந்த இடத்தில்தான். இன்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் இ.சி.யு.வின், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின், கணக்கில் வரவில்லை. கணக்கில் உள்ள காற்றுக்கு மட்டும் பெட்ரோல் போகிறது, மீதிக் காற்று சும்மா நுழைகிறது.

காற்றை அளப்பது மாஃப் சென்சார், அதாவது குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சூடான கம்பி. குழாயில் ஓடும் காற்று முழுவதையும் அது பார்ப்பதில்லை. தன் சின்ன வாய் வழியே போகும் காற்றை மட்டும் பார்த்துச் சொல்கிறது. குழாயின் அளவு இன்னது என்று வைத்துக்கொண்டு மொத்தக் காற்றையும் இ.சி.யு. கணக்குப் போடுகிறது. குழாயை மாற்றினால் கணக்கும் மாறிவிடும். உதாரணத்துக்கு, சென்சார் உட்கார்ந்த இடத்தில் உள்விட்டம் 80 மி.மீ. இருந்ததை 90 மி.மீ. ஆக்கினால் பரப்பு சுமார் 27 சதவீதம் கூடும். அதே அளவு காற்று மெதுவாக ஓடும், சென்சார் 21 சதவீதம் போலக் குறைத்துச் சொல்லும். அதனால் பட்டறைக்குப் போகும்போது ஒரு வெர்னியர் காலிப்பர் கொண்டுபோய், பழைய குழாயிலும் புதிய குழாயிலும் சென்சார் இடத்து உள்விட்டத்தை அளந்து பாருங்கள். கிட்டோடு வந்த தாளில் ‘டியூன் அவசியம்’ என்று போட்டிருக்கிறதா, ‘டியூன் தேவையில்லை’ என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்தக் காருக்கு இரண்டு வகையும் விற்பனையில் உண்டு. பலர் குழாயின் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டு இந்த வரியைப் படிப்பதில்லை.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. காற்று குறைவு என்று சென்சார் சொன்னால், இன்ஜினுக்குச் சுமை குறைவு என்று இ.சி.யு. நினைத்துக்கொள்ளும். பிளக் பொறியையும் முன்கூட்டியே தட்டும். பெட்ரோல் போதாமல், பொறியும் முந்தி, சாதாரண பெட்ரோலோடு சித்திரை வெயிலில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் நாக் ஆகும், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டும். நாக் சென்சார் ஓரளவு காப்பாற்றும். அதை நம்பியே வண்டி ஓட்ட வேண்டாம்.

அடுத்தது ஃப்யூயல் ட்ரிம், அதாவது இ.சி.யு. தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது (பிளஸ்) அல்லது குறைக்கிறது (மைனஸ்) என்பது. காரின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகும் புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் ஒன்று வாங்கிப் போனில் இணைத்தால் நீங்களே பார்க்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஷார்ட் ட்ரிம் (அந்த நேரத்துத் திருத்தம்), லாங் ட்ரிம் (பழகிப்போன திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். முதலில் ஐடிலில், பிறகு நின்ற இடத்தில் 2,500 ஆர்.பி.எம்.மில், பிறகு சாலையில் நாலாவது கியரில் கொஞ்சம் அழுத்தி. கூட்டுத்தொகை ±10-க்குள் நின்றால் கவலை இல்லை. பிளஸ் 20-ஐத் தாண்டினால் விளக்கு எரியப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை விட அது மாறும் விதம்தான் முக்கியம். ஐடிலில் பிளஸ் 20, 2,500-ல் பிளஸ் 5 என்று இறங்கினால், காற்றைத் திறந்து மூடும் வால்வான த்ராட்டிலுக்குப் பிறகு எங்கோ காற்று நுழைகிறது. உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் பிரீதர் ஹோஸ் மேல். வால்வ் கவரிலிருந்து இன்டேக் குழாய்க்கு வரும் அந்த ஹோஸ் ‘க்ளிக்’ என்று பூட்டும் கனெக்டரில் முடியும். அது பாதி ஏறி நின்றால் பார்வைக்கு மாட்டியது போலவே இருக்கும். வெளிக்காற்று அதன் வழியே கிராங்க் கேஸுக்குள் (இன்ஜினின் அடிப்பகுதிக்குள்) போய், அங்கிருக்கும் புகையை வெளியே எடுக்கும் பி.சி.வி. வால்வைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மேனிஃபோல்டுக்குள் நுழையும். ஐடிலில்தான் உறிஞ்சும் வேகம் அதிகம், அதனால் அங்கே தெரியும். நீங்கள் சொல்லும் ஏறி இறங்கும் ஐடிலுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு பிளஸ் காட்டினால் மாஃபுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஓட்டை இருக்கலாம், அல்லது மேலே சொன்ன குழாய் அளவுப் பிரச்சினை. 2015–17 ஜி.டி.யில் இன்ஜின் சத்தத்தை உள்ளே கேட்க வைக்க ஒரு சவுண்ட் டியூப் இன்டேக் குழாயிலிருந்து கேபின் பக்கம் போகும். கிட் மாட்டும்போது அதைக் கழற்றினால் அந்த வாயை அடைக்க வேண்டும். மூடி போட மறந்திருந்தாலோ, போட்ட ரப்பர் மூடி வெடித்திருந்தாலோ அளக்காத காற்று தாராளமாக நுழையும். ஐடிலில் ட்ரிம் மைனஸ் பக்கம் இருந்து, அழுத்த அழுத்தப் பிளஸ் ஏறினால் மாஃப் கம்பியில் எண்ணெயோ அழுக்கோ படிந்திருக்கிறது. உங்களுடையது எண்ணெய் போடும் காட்டன் ஃபில்டர் என்பதால் இதையும் தள்ள முடியாது.

மாஃபுக்கு முன்னால், ஃபில்டர் பக்கம் ஓட்டை இருந்தால் எந்தக் கோடும் வராது, ட்ரிம்மும் மாறாது. அந்தக் காற்றும் அளந்தே உள்ளே போகிறது, வடிகட்டாமல் போகிறது, அவ்வளவுதான். விளக்கு எரியாததால் எல்லாம் சரி என்று பல வண்டிகள் தூசியைக் குடித்துக்கொண்டு ஓடுவது இப்படித்தான்.

இ20 பெட்ரோலையும் மறக்க வேண்டாம். 10 சதவீத எத்தனாலுக்கு அமைந்த இன்ஜினில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஊற்றினால், அதே காற்றுக்கு சுமார் 4 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தேவை. அதாவது ட்ரிம் ஏற்கெனவே நாலைந்து பிளஸ்ஸில் நிற்கும். அதன் மேல் கிட்டின் பிழையும் ஏறும்போது எல்லையைத் தாண்டுகிறது. வெளிநாட்டு வீடியோவில் இதே கிட் விளக்கு இல்லாமல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஊற்றும் பெட்ரோல் வேறு. கம்பெனி பாக்ஸில் இரண்டு நாள் ஓட்டும்போது வரும் ட்ரிம் எண்களைக் குறித்து வையுங்கள், கிட்டுக்கு அதுதான் ஒப்பீடு.

காரணம் தெரிந்த பிறகு கிட்டைத் திரும்ப மாட்டுவதானால் இப்படி மாட்டச் சொல்லுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். 10 எம்.எம். ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி கால் மணி நேரம் விடுங்கள், பழைய ட்ரிம் கணக்கு அழிந்துவிடும். மாஃப் பிளக்கின் பூட்டை நகர்த்திய பிறகுதான் பிளக்கை இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. சென்சாரின் இரண்டு டார்க்ஸ் திருகையும் கழற்றி, பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்து நேராக எடுங்கள். மாஃப் கிளீனர் என்றே எழுதிய ஸ்பிரேயை மட்டும் கம்பியின் மேல் விட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து முறை அடித்து, அரை மணி நேரம் தானாகக் காய விடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் கூடாது, ஏர் கன் கூடாது, பட்ஸ் வைத்துத் துடைக்கக் கூடாது. கம்பி மிக மெல்லியது. ஓ-ரிங் நசுங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால் மாற்றுங்கள், நன்றாக இருந்தால் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவிப் போடுங்கள். சென்சாரில் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். திருகு பிளாஸ்டிக்கில் ஏறுகிறது, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கைக்கு இறுகினால் போதும்.

குழாயை மாட்டும்முன் த்ராட்டில் வாயில் துணி ஏதும் விட்டுவிட்டார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், நடப்பதுதான். குழாய்களை இணைக்கும் சிலிக்கான் கப்ளருக்குள் குழாய் இரண்டு பக்கமும் குறைந்தது 20 மி.மீ. போக வேண்டும். கிளாம்ப் பட்டை கப்ளரின் ஓரத்தில் இல்லாமல் குழாயின் மேல் விழ வேண்டும். முதலில் எல்லா கிளாம்பையும் தளர்வாகப் போட்டு, குழாயை நேராக்கி, பானெட்டை மெதுவாக மூடிப் பாருங்கள். ஃபில்டருக்கும் பானெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பது மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டர் மேலும் குழாய் மேலும் சப்பாத்தி மாவு உருண்டைகளை வைத்து பானெட்டை மூடித் திறந்தால் அமுங்கிய கனம் இடைவெளியைச் சொல்லிவிடும். வி8 ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மவுண்ட்டில் ஆடும், அதனால் கடினமான எந்தப் பாகத்துக்கும் குழாய்க்கும் நடுவே 15 மி.மீ. விட்டு வையுங்கள். பிறகு த்ராட்டில் பக்கமிருந்து ஃபில்டர் பக்கமாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். 3 முதல் 4 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், பட்டையின் இரு ஓரத்திலும் சிலிக்கான் லேசாக மேலெழும்பும்போது நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்து இறுக்கினால் பிளாஸ்டிக் குழாய் முட்டை வடிவமாகிக் கசியும். பிரீதர் கனெக்டர் ‘க்ளிக்’ என்றதும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் பூட்டவில்லை.

பேட்டரியை மாட்டி, ஏசி இல்லாமல் மூன்று நிமிடம், ஏசி போட்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஜன்னல்களின் ஒன்-டச் மறந்துபோயிருக்கும், முழுக்க மேலே ஏற்றிப் பிடித்து மறுபடி பழக்க வேண்டும். 30 கிலோமீட்டர் கலந்து ஓட்டிவிட்டு ட்ரிம் பாருங்கள். 300 கிலோமீட்டரில் கிளாம்ப்களை ஒரு முறை மறுபடி தொட்டுப் பாருங்கள், சிலிக்கான் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். இவ்வளவுக்கும் பிறகு ட்ரிம் பிளஸ்ஸில் நின்றால் ஸ்மோக் டெஸ்ட் (புகை செலுத்திக் கசிவு தேடுவது) வசதியுள்ள பட்டறைக்குப் போங்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோலோ ஸ்பிரேயோ அடித்துக் கசிவு தேட யாரையும் விடாதீர்கள்.

ரீமேப் எப்போது தேவை? குழாய் அளவு உண்மையிலேயே மாறியிருந்து, கிட் தயாரிப்பாளரும் டியூன் அவசியம் என்று சொல்லியிருந்தால் தேவை. அப்போதும் அந்தக் குழாய்க்கான மாஃப் அட்டவணையை மாற்றித் தருபவரிடம் மட்டும் செய்யுங்கள். ‘ஸ்டேஜ் 1 ஃபைல் இருக்கிறது, ஏற்றிவிடலாம்’ என்பவரிடம் மாஃப் அட்டவணையை மாற்றுவீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும். கசிவு இருக்கும் காருக்கு ரீமேப் போட்டால் ஓட்டையையும் சேர்த்துக் கணக்கில் எழுதி வைப்பதாகும். நாளை யாராவது ஓட்டையை அடைத்தால் கார் பெட்ரோலைக் கொட்டும்.

இனி பம்பர் யோசனை. குளிர்ந்த காற்று நல்லது என்பதில் தவறில்லை. வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 7 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஆனால் கம்பெனி பாக்ஸ் ஏற்கெனவே முன்பக்கமிருந்துதான், ரேடியேட்டரின் மேல் விளிம்பு உயரத்தில் காற்றை எடுக்கிறது. பம்பருக்குள் இறக்கினால் வெப்பத்தில் ஒன்றிரண்டு டிகிரி மிச்சமாகலாம். ஐப்பசி, கார்த்திகையில் அதற்கு விலை இன்ஜின். உங்கள் இன்ஜினில் ஒரு சிலிண்டர் சுமார் 620 சி.சி., கம்ப்ரஷன் 11-க்கு 1. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மீதி இடம் ஏறக்குறைய 62 சி.சி. பாதி டீ கிளாஸ் தண்ணீர் ஒரே சிலிண்டருக்குள் போனால் போதும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். ரயில்வே கீழ்ப்பாலத்தில் முழங்கால் தண்ணீர் தேங்குவது நம் பக்கத்தில் அதிசயமா என்ன? எதிரே வரும் பஸ் கிளப்பும் அலை ஒன்றே போதும். தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி வெளியே எடுத்து, எட்டு பிளக்கையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் கிராங்க் செய்ய வேண்டும்.

டெல்டாவில் மழையை விடத் தூசிதான் ஆண்டு முழுக்க இருக்கும் எதிரி. குறுவை அறுவடையிலும், தை, மாசியில் சம்பா அறுவடையிலும் அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசும் சாலையில் காயப்போட்ட நெல்லின் சுணையும் திறந்த கூம்பு ஃபில்டரில் நேராகப் போய் அப்பும். அரிசி ஆலைப் பக்கம் பறக்கும் உமிச் சாம்பல் இன்னும் மோசம். அதில் பெரும்பங்கு சிலிகா. சிலிண்டர் சுவருக்கும் ரிங்குக்கும் நடுவே போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல்தான். தடுப்புத் தகட்டின் மேல் விளிம்பில் ரப்பர் பட்டை பானெட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். மூடி போட்ட பெட்டி வகைக் கிட் கிடைத்தால் அதுவே நல்லது. ஃபில்டரும் எண்ணெய் போடாத சிந்தெடிக் வகையாக இருக்கட்டும். எண்ணெய் வகையையே வைத்துக்கொள்வதானால் கழுவும்போது உள்ளிருந்து வெளியே மெதுவான தண்ணீர் விடுங்கள், நிழலில் தானாகக் காய விடுங்கள். அடைமழை நாளில் ஒரு நாளில் காயாது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரே கோடு எண்ணெய், இருபது நிமிடம் ஊற விட்டு, வெளுத்த இடம் இருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம். சொட்டச் சொட்ட ஊற்றினால் அது மாஃப் கம்பிக்குத்தான் போகும்.

வடிகட்டுகிறதா என்று தெரிந்துகொள்ள, ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உட்சுவரில், சென்சாருக்கு முன்னால், விரல் நுனியளவு வெள்ளை கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி வையுங்கள். 500 கிலோமீட்டர் கழித்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மணல் நெருடினால் அந்த ஃபில்டரோ அதன் கழுத்தோ கசிகிறது. நாகை, வேளாங்கண்ணிப் பக்கம் அடிக்கடி போவதானால் கிளாம்ப் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், உப்புக் காற்றில் சாதாரண கிளாம்ப் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சக்தியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். உங்கள் இன்ஜின் 6,500 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 16,000 லிட்டருக்கு மேல் காற்று இழுக்கும். அந்த வேகத்தில், முழு த்ராட்டிலில் மட்டும்தான் ஃபில்டரின் தடை கணக்கில் வரும். கம்பெனி பாக்ஸ் 2 கிலோ பாஸ்கல் தடை கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதை முழுவதும் நீக்கினாலும் 2 சதவீதம். 400 குதிரைத்திறனில் எட்டு. மன்னார்குடி–தஞ்சாவூர் சாலையில் 2,000 ஆர்.பி.எம்.மில் போகும்போது த்ராட்டிலே பாதி மூடித்தான் இருக்கிறது. ஃபில்டர் எதுவானாலும் இன்ஜினுக்கு ஒன்றுதான். கிட்டில் உண்மையாகக் கிடைப்பது சத்தம். அதற்காக மாட்டுவது தவறில்லை, வேகத்துக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது, சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. அதை விட நடைமுறையில் இடிப்பது இன்ஷூரன்ஸ். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து போன இன்ஜினுக்குப் பணம் வராது, இன்ஜின் புரொடெக்ட் கூடுதல் கவர் வேண்டும். அதிலும் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் கை விரிக்கலாம். மழைக்கு முன்னால் பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள்.

எங்கள் பரிந்துரை: குறுவை அறுவடை தொடங்கும் புரட்டாசியிலிருந்து சம்பா அறுவடை முடியும் மாசி வரை கம்பெனி பாக்ஸ், அதில் நல்ல பேனல் ஃபில்டர். கிட் ஆசை பங்குனிக்குப் பிறகு. ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் நாட்களைக் கழித்தால் எத்தனை மாதம் மிஞ்சும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கழற்றிய பாக்ஸை விற்றுவிடாதீர்கள். இரண்டு வாயையும் டேப் போட்டு அடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும், எலி குடியேறும். கம்பெனி பாக்ஸ் மாட்டிய பிறகும் ட்ரிம் பிளஸ் 15-க்கு மேல் நின்றால் இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், பி.சி.வி. வால்வ், ஃப்யூயல் பிரஷர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலிலும் 2,500-லும் வந்த எண்களோடு திரும்ப எழுதுங்கள்.